இடைவெளிக்குள் யார்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வாசிப்புக் குழுவில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். வழக்கமாகச் சிறுகதை பேசுகிற கூட்டம். "நீ இன்ஜினியர்தானே, ஒரு மாறுதலுக்கு ஏதாவது சயின்ஸ் பேசு" என்றார்கள். நான் ஒரே ஒரு படத்தோடு போனேன். கறுப்புப் பின்னணியில் ஆரஞ்சு நிறத் தட்டு. அதில் பழைய இசைத்தட்டின் கோடுகளைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக இருண்ட வளையங்கள். நடுவில் வெளிச்சமான ஒரு திட்டு. எச்.எல். டாவ்ரி என்ற இளம் நட்சத்திரத்தையும் அதைச் சுற்றியுள்ள தூசுத் தட்டையும் சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கி எடுத்த படம். 2014 நவம்பரில் வெளியானது. விண்ணியலில் கொஞ்சம் ஆர்வம் உள்ள எல்லாருடைய கணினித் திரையிலும் ஒரு காலத்தில் இது இருந்திருக்கும். என் கணினியில் இன்னும் இருக்கிறது.

"இந்தக் கறுப்பு வளையம் ஒவ்வொன்றிலும் ஒரு கோள் பிறந்துகொண்டிருக்கிறது" என்றேன். அறையில் ஒரு சின்ன அமைதி விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. பின்வரிசையில் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கையைத் தூக்கினார். எங்கள் எல்லாருக்கும் அவர் வெறும் 'டீச்சர்'தான். "தம்பி, கோளைப் பார்த்தாங்களா, இல்ல அது போன வழியைப் பார்த்தாங்களா?"

"பார்த்துட்டாங்க டீச்சர்."

அது தப்பான பதில். தெரிந்தே சொன்ன பொய் என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தை அத்தனை தடவை பார்த்திருந்ததால் அதில் கோள்கள் இருப்பதாகவே என் மனசு எழுதிவைத்திருந்தது. யாரும் எச்.எல். டாவ்ரியின் வளையங்களுக்குள் ஒரு கோளை நேராகப் பார்த்திருக்கவில்லை. டீச்சர் கேட்டது இலக்கிய விமர்சனத்தின் கேள்வி. பிரதியில் இருப்பது எது, வாசகன் கொண்டுவந்து போட்டது எது? அந்தப் படத்தை ஒரு பிரதியாக வைத்து, கொஞ்சம் தாமதமாக, அவருக்குப் பதில் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், 'படம்' என்ற சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றும். அட்டகாமா பாலைவனத்தில் 5000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்மாவில் மொத்தம் 66 ஆண்டெனாக்கள். இந்தப் படத்துக்கு அவற்றில் ஒரு பகுதிதான் பயன்பட்டது, ஆனால் ஒன்றுக்கொன்று 15 கிலோமீட்டர் வரை தள்ளி நிறுத்தப்பட்டிருந்தன. கேமரா மாதிரி 'கிளிக்' செய்து எடுப்பதில்லை. இரண்டு இரண்டு ஆண்டெனாக்களாகச் சேர்த்து, வானத்திலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளை ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் படத்தைப் பற்றி ஒரே ஒரு தகவலைச் சொல்லும்: இந்தத் திசையில், இந்த அளவு நெருக்கத்தில், வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று. பூமி சுழலச் சுழல ஜோடிகளின் கோணம் மாறி, தகவல்கள் கூடும். ஆனால் எல்லாத் தகவலும் ஒருபோதும் கிடைக்காது. கிடைக்காத இடங்களைக் கணினி நிரல் ஊகித்து நிரப்புகிறது. அதற்கு இன்றும் அதிகம் பயன்படும் முறை 1974-இல் யான் ஹோக்போம் எழுதியது. ஆரஞ்சு நிறம் பிறகு சேர்த்தது. மில்லிமீட்டர் அலைக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது.

இதனால் படம் பொய் ஆகிவிடாது. வளையங்கள் உண்மை. பிறகு பல அலைநீளங்களில், பல தடவை உறுதியானவை. நான் சொல்ல வருவது, இது நேராகக் கண்ணில் விழுந்த ஒன்று இல்லை, கவனமாகத் தொகுக்கப்பட்ட பதிப்பு என்பதை. சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூலைப் போல. பதிப்பாசிரியர் நல்லவர், நேர்மையானவர். இருந்தாலும் பதிப்பாசிரியர் ஒருவர் இருக்கிறார்.

அளவையும் கவனிக்க வேண்டும். எச்.எல். டாவ்ரி சுமார் 450 ஒளியாண்டு தொலைவில், கார்த்திகையும் ரோகிணியும் இருக்கிற அதே ரிஷபத்தில் இருக்கிறது. அந்தத் தொலைவில் இந்தப் படத்தால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய தூரம், நம் சூரியனுக்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட தூரம் அளவு. வியாழன் என்ற கோளின் குறுக்களவோ அந்தத் தூரத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். ஆக, நான் கூட்டத்தில் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு கோள் இருந்தாலும் அதன் உருவம் இந்தப் படத்தில் தெரிய வாய்ப்பே இல்லை.

2015-இல் வெளிவந்த மூல ஆய்வுக் கட்டுரையைப் பிறகுதான் வாசித்தேன். (முதலில் அதைத்தானே வாசித்திருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள்.) அதன் தலைப்பில் பிறப்பு, தொட்டில் எதுவும் இல்லை. எச்.எல். டாவ்ரி வட்டாரத்தை அல்மா பார்த்ததில் கிடைத்த முதல் முடிவுகள் என்ற அளவுக்கு வறண்ட தலைப்பு. இருண்ட வளையங்களுக்கு டி1 முதல் டி7 வரை, வெளிச்சமானவற்றுக்கு பி1 முதல் பி7 வரை என்று எண் போட்டிருக்கிறார்கள். கோள் எண்கள் இல்லை, வளைய எண்கள். கோள்கள் காரணமாக இருக்கலாம் என்று அவர்களும் வாதிடுகிறார்கள், ஆனால் வாதமாக. பத்திரிகைகளுக்குப் போன செய்திக்குறிப்பில் தலைப்பிலேயே கோள்களின் தோற்றம் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து என் வாய்க்கு வரும்போது 'இருக்கலாம்' முழுசாக உதிர்ந்துபோயிருந்தது. ஓவியர்கள் வரைந்த கற்பனைப் படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வளையத்துக்குள் அழகாக ஒரு கோளை வரைந்து, அல்மா படத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் அச்சிடுவார்கள். கொஞ்ச நாளில் இரண்டும் மனசில் ஒரே படமாகிவிடும்.

தமிழ் விமர்சனத்தில் நாம் அடிக்கடி பயன்படுத்தும் சொல் 'வாசக இடைவெளி'. எழுத்தாளர் சொல்லாமல் விட்ட இடத்தை வாசகர் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார், நல்ல கதை அதற்கு இடம் விடும் என்போம். எனக்கும் பிடித்த கருத்து. ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: இடைவெளியை யாரோ வேண்டுமென்றே விட்டிருக்கிறார். தூசுத் தட்டுக்கு ஆசிரியர் கிடையாது. அதன் இடைவெளி நமக்காக விடப்பட்டதில்லை. அதனால் அதை நிரப்பும்போது வாசகரின் சுதந்திரம் சுருங்குகிறது. இது 'என் வாசிப்பு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எச்.எல். டாவ்ரியின் இடைவெளிக்கு எத்தனை வாசிப்புகள் உண்டு என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. முதல் வாசிப்பு கோள். போதுமான எடையுள்ள கோள் ஒன்று தன் பாதையிலுள்ள வாயுவை இரண்டு பக்கமும் ஒதுக்கும், விளிம்பில் வாயு அழுத்தம் கூடும், தூசு அங்கே போய்ச் சேரும். இரண்டாவது, உறைகோடுகள். நட்சத்திரத்திலிருந்து தள்ளிப் போகப் போகக் குளிர் கூடுகிறது, தண்ணீர், அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் பனியாக உறைகிறது. அங்கே தூசு ஒட்டும் விதமும் வளரும் வேகமும் மாறும். மில்லிமீட்டர் அலையில் அதுவே இருட்டும் வெளிச்சமுமாகத் தெரியலாம். 2015-லேயே இந்த வாசிப்பு வந்துவிட்டது. மூன்றாவது, காந்தப்புலம் வாயுவைத் தானாகவே பட்டை பட்டையாகப் பிரிக்கலாம் என்பது. இன்னும் சில இருக்கின்றன. எனக்குப் புரிந்தவரை இவை எதுவும் மற்றதை முழுசாகத் தோற்கடித்துவிடவில்லை. ஒரே தட்டில் ஒரு வளையம் கோளாலும் இன்னொன்று வேறு காரணத்தாலும் வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. கறுப்பைப் பார்த்துப் பார்த்து, வெளிச்சமான வளையங்களை நான் கவனிக்கவே இல்லை. கோள் உருவாகும் கதையில் அவைதான் பெரிய பாத்திரம் என்று இப்போது நினைக்கிறேன்.

தட்டிலுள்ள வாயு, தன் சொந்த அழுத்தத்தால் கொஞ்சம் தாங்கப்படுவதால், தூசைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. தூசுக்கு இது ஓயாத எதிர்க்காற்று. மிகச் சிறிய துகள் வாயுவோடு மிதந்துவிடும். மலை அளவு பெரியது கண்டுகொள்ளாது. இடைப்பட்டதுதான் மாட்டிக்கொள்ளும். எதிர்க்காற்றில் வேகம் இழந்து, சுழன்று சுழன்று நட்சத்திரத்துக்குள் விழுந்துவிடும். 1977-இல் ஸ்டூவர்ட் வைடன்ஷில்லிங் கணக்குப் போட்டுக் காட்டினார்: பூமி இருக்கும் தூரத்தில் ஒரு மீட்டர் அளவுக் கல்லுக்கு நூறு வருஷம் அளவில்தான் ஆயுள். புகைத்துகள் அளவிலிருந்து ஒட்டி ஒட்டி, கூழாங்கல்லாகி, பாறையாகி, இனி வளர்ந்துவிடும் என்கிற நேரத்தில் உள்ளே போய் எரிந்துவிடுகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஆனால் இந்தத் தாழி ஒவ்வொரு தடவையும் உடைந்தாக வேண்டும் என்கிறது கணக்கு. நாமோ ஒரு பாறைக் கோளின் மேல் உட்கார்ந்து இதை வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

வளையங்கள் இதற்குத்தான் உதவுகின்றன. அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் எதிர்க்காற்று நின்றுவிடும். விழுந்துகொண்டிருந்த கற்கள் அங்கே தங்கிச் சேரும். சரி, அழுத்த உச்சத்தை உண்டாக்கியது யார்? ஒரு கோள் என்றால், அந்த முதல் கோளைக் காப்பாற்றியது யார்? நான் கூட்டத்தில் சொன்ன கதையில் இந்த ஓட்டை இருந்தது, யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். வளையம் வருவதற்குக் கோள் வேண்டும், கோள் வருவதற்கு வளையம் வேண்டும். 2005-இல் ஆண்ட்ரூ யூடினும் ஜெரமி குட்மனும் வேறு ஒரு வழியைக் காட்டினார்கள். கற்கள் போதுமான அளவு கூடினால் அவையே வாயுவை இழுத்து, எதிர்க்காற்றைக் குறைத்து, பின்னால் வருகிற கற்களையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும், கூட்டம் திடீரென்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கும். மெதுவாக ஒட்டி ஒட்டி வளரும் கட்டத்தை ஒரே தாவலில் கடந்துவிடலாம்.

'பிறக்கும் கோள்கள்', 'கருவறைத் தட்டு', 'நட்சத்திரத் தொட்டில்' என்றெல்லாம் எழுதுவதில் இதனால்தான் எனக்கு இப்போது ஒரு சங்கடம். பிறப்பு என்றதும் ஒரு தாய் வந்துவிடுகிறாள், ஒரு முழுக் குழந்தை வந்துவிடுகிறது, எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது. தட்டில் நடப்பதில் பெரும்பகுதி வீண். சேர்ந்தது சிதறும், விழும், வெளியே வீசப்படும். 'திரளுதல்' என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. திரண்டாலும் திரளும், திரளாமலும் போகும் என்கிற சந்தேகத்தையும் அது தாங்கும்.

தப்பாக வாசித்தவன் நான் மட்டுமில்லை என்பது ஓரளவு ஆறுதல். 25 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஃபோமல்ஹாட் நட்சத்திரத்தின் தூசு வளையத்துக்கு அருகே ஒரு புள்ளியை ஹப்பிள் கண்டதாக 2008-இல் அறிவித்தார்கள். கோள் என்றார்கள். 2015-இல் அதற்கு 'டேகன்' என்று பெயரும் வைத்தார்கள். பழைய படங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்த ஆண்ட்ராஸ் காஸ்பரும் ஜார்ஜ் ரீக்கேயும் 2020-இல் வேறு ஒன்றைச் சொன்னார்கள்: அந்தப் புள்ளி வருஷத்துக்கு வருஷம் மங்கி, விரிந்துகொண்டே போயிருக்கிறது. கோள் அப்படிச் செய்யாது. இரண்டு பனிப்பாறைகள் மோதிக் கிளப்பிய தூசு மேகம் அப்படிச் செய்யும். பெயர் வைத்தாயிற்று, ஆள் இல்லை. அதேபோல எல்கேசிஏ 15 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி உருவாகிவரும் கோள்கள் என்று சொல்லப்பட்டவை, தட்டின் உள்விளிம்பில் சிதறிய வெளிச்சமாகவே இருக்க வேண்டும் என்று 2019-இல் சுபாரு தொலைநோக்கிப் படங்களை வைத்து வாதிட்டார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒரு நண்பன் கேட்டான். 450 ஒளியாண்டு தள்ளி ஒரு வளையத்தில் கோள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, யாருக்கு நஷ்டம்?

நான் மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். பழுதாகித் திரும்பி வரும் பலகைகளை எக்ஸ்ரேயில் வைத்துக் காரணம் தேடுவது என் வேலையில் ஒரு பகுதி. சால்டர் உருண்டைகள் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் வெளுத்திருக்கும். போன வருஷம் ஒரு தொகுதியில் நிறைய வெளுப்புப் புள்ளிகள். அறிக்கையில் 'காரணம்: குமிழிகள், ஓவன் வெப்பநிலை சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஓவனைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட இருபது வயது மூத்த ஒரு அண்ணன். அந்த வாரமே அவரை வேறு லைனுக்கு, இரவு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு பலகையை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். விரிசல் பலகையின் ஓரத்தில், குமிழியே இல்லாத ஓர் உருண்டையில் இருந்தது. உறைக்குள் பொருத்தும்போது பலகை வளைந்திருக்கிறது. குமிழிகள் இருந்தது உண்மை, ஆனால் பழுதுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நான் பார்த்தது வெளுத்த புள்ளியை, எழுதியது ஒரு கதையை. அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி" என்றார். பழைய லைனுக்கு அவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அன்றைக்கு ராத்திரி டீச்சரின் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்படியானால் எதை நம்புவது? எல்லாவற்றையும் சந்தேகிப்பதும் ஒரு சோம்பேறித்தனம்தான், விமர்சனம் எழுதுகிறவர்களிடம் அதை நிறையப் பார்க்கிறேன். 2018-இல் மிரியம் கெப்ளர் குழுவினர் பிடிஎஸ் 70 என்ற நட்சத்திரத்தின் தட்டில், நடுவிலுள்ள அகன்ற வெற்றிடத்துக்குள் ஒரு கோளைப் படம்பிடித்தார்கள். இதை நான் நம்புகிறேன். காரணம் படம் தெளிவாக இருப்பது இல்லை, ஒரு படத்தோடு அவர்கள் நிற்காதது. வேறு வேறு கருவிகளில், வேறு வேறு வருஷங்களில் அந்தப் புள்ளி தெரிந்தது. நட்சத்திரத்தைச் சுற்றி, எதிர்பார்த்த வேகத்தில் நகர்ந்திருந்தது. ஹைட்ரஜன் வாயு மேலே விழுந்து சூடாகும்போது வெளிவரும் சிவப்பு ஒளி அதிலிருந்து வந்தது. அதாவது, அது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. 2019-இல் அதே ஒளியைத் தேடும்போது இரண்டாவது கோளும் அகப்பட்டது. 2021-இல் அந்த இரண்டாவதைச் சுற்றி ஒரு குட்டித் தூசுத் தட்டையே அல்மா பிரித்துக் காட்டியது. நம் நிலா அளவில் மூன்று நிலாக்கள் வரை செய்யப் போதுமான தூசு அதில் இருக்கிறதாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு ஒரு முறை. இடைவெளியைப் பார்க்காமல் வாயுவின் ஓட்டத்தைப் பார்ப்பது. ஆற்றுக்குள் கல் இருந்தால் மேலே தண்ணீர் சுளிக்கும் இல்லையா, அது மாதிரி. தட்டிலுள்ள கார்பன் மோனாக்சைடு எந்த இடத்தில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அல்மாவால் அளக்க முடியும். எச்டி 163296 என்ற நட்சத்திரத்தின் தட்டில் ஓட்டம் பிசகும் இடங்களை 2018-இல் ரிச்சர்ட் டீக் குழுவும் கிறிஸ்டோஃப் பின்ட் குழுவும் தனித்தனியாகக் கண்டு, அங்கே கோள்கள் இருக்க வேண்டும் என்றார்கள். கோளைப் பார்க்கவில்லை, ஊகம்தான். ஆனால் காலியிடத்திலிருந்து செய்த ஊகம் இல்லை, நகரும் ஒன்றிலிருந்து செய்த ஊகம். என் பலகை விஷயத்தில் அறுத்துப் பார்த்த மாதிரி.

அதே 2018 டிசம்பரில் டிஷார்ப் என்ற திட்டம் 20 தட்டுகளின் அல்மா படங்களை ஒன்றாக வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் வளையங்கள், சிலவற்றில் சுருள்கள். எச்.எல். டாவ்ரி ஒரு விசித்திரம் இல்லை என்று ஆனது. 20 படங்களையும் ஒரே பக்கத்தில் பார்த்தால், ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒரே கதையை எல்லாவற்றிலும் வாசிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான்.

இந்தக் கட்டுரையைப் பாதியில் வைத்திருந்தபோது, 2025 ஆகஸ்டில் விஸ்பிட் 2 வந்தது. சுமார் ஐம்பது லட்சம் வயதுள்ள, சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம். தட்டில் பல வளையங்கள். ஓர் இருண்ட வளையத்துக்குள், மிகச் சரியாக, ஒரு புள்ளி. வியாழனைப் போல ஐந்து மடங்கு எடை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அகச்சிவப்பில் ஒரு தொலைநோக்கி பார்த்தது, ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் இன்னொன்று பார்த்தது. பல வளையங்கள் கொண்ட தட்டின் இடைவெளிக்குள் ஒரு கோள் இவ்வளவு தெளிவாகப் பிடிபட்டது இதுவே முதல் தடவை என்கிறார்கள். ஓவியர்கள் பத்து வருஷமாக வரைந்துகொண்டிருந்த அதே காட்சி. நான் கூட்டத்தில் சொன்னது, ஒரு நட்சத்திரத்துக்காவது, உண்மையாகிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சொன்னபோது எனக்கு அது தெரியாதே.

படத்தை டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். யார் பார்த்தார்கள், எதைக் கொண்டு பார்த்தார்கள், எடை என்பது கணக்கு, நிறம் என்பது பூசியது என்று நீளமாகக் குறிப்பும் எழுதினேன். ராத்திரி பத்து மணிக்குக் குரல் செய்தி வந்தது. "நல்லாருக்கு தம்பி. அப்ப நீங்க அன்னைக்குக் காட்டினீங்களே, அந்தப் படத்துல?"

"அதுல இன்னும் யாரையும் பார்க்கல டீச்சர்" என்று பதில் அனுப்பினேன். "தண்ணியைத்தான் பார்த்திருக்காங்க. 2024-இல, அதே அல்மாவை வச்சு. நீராவியா இருக்கு. நம்ம கடல் எல்லாத்தையும் சேர்த்தா வர்ற மாதிரி மூணு மடங்காவது."